'80 விழுக்காடு முடிந்தது' என்றால் என்ன பொருள்?

2025 ஜனவரி 11ஆம் தேதி பினாங்கில் முத்தியாரா எல்ஆர்டி திட்டத்தின் கட்டுமானப் பணியைப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தொடக்கி வைத்தார். மொத்தம் 29.5 கிலோமீட்டர் தடம். தீவில் கொம்தாரைத் தொட்டு, கடலைக் கடந்து பெருநிலத்தின் பினாங்கு சென்ட்ரலையும் இணைக்கப் போகிறது. வேலை முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை 'இத்தனை விழுக்காடு முடிந்தது' என்ற செய்தியை நாம் அடிக்கடி படிப்போம். அந்த எண் எங்கிருந்து வருகிறது? கட்டுமான நிர்வாகம் படிக்கும் எனக்கு, பாடத்தில் மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

பெரிய திட்டங்களின் அட்டவணையை பிரிமாவேரா, மைக்ரோசாப்ட் புரோஜெக்ட் போன்ற மென்பொருள்களில் தயாரிக்கிறார்கள். இவற்றில் ஒரு பணியின் முன்னேற்றத்தை மூன்று விதமாக அளக்கலாம். கழிந்த நாள்கள் ஒன்று. செலவான உழைப்பு மற்றொன்று. கண்ணெதிரே முடிந்திருக்கும் வேலை மூன்றாவது. மூன்றும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 20 அடித்தளத் தூண்களை 10 நாளில் இறக்க வேண்டும். 8 நாள் கழிந்துவிட்டது. பாறை தட்டியதால் 8 தூண்களே இறங்கியுள்ளன. நாள் கணக்கில் இது 80 விழுக்காடு. ஆள்கள் தினமும் வந்து வேலை பார்த்ததால் உழைப்புக் கணக்கிலும் 80 விழுக்காடு. தூண்களை எண்ணினாலோ 40 விழுக்காடுதான்!

மைக்ரோசாப்ட் புரோஜெக்ட்டில் முடிவு விழுக்காடு என்பது நாள் கணக்கே. மென்பொருள் பொய் சொல்வதில்லை. நாம் கொடுத்ததைத்தான் கணக்கிடுகிறது. ஆகவே 'எவ்வளவு முடிந்தது?' என்பதைவிட 'இன்னும் எத்தனை நாள் வேண்டும்?' என்று கேட்பது நல்லது. நாளுக்கு ஒரு தூண் என்றால் மீதி 12 தூணுக்கு 12 நாள். அதைப் பதிவு செய்தவுடன் மொத்தக் காலம் 20 நாளாக நீள்கிறது. விழுக்காடும் தானாகவே 40க்கு இறங்குகிறது. அடுத்து வரும் பணிகளின் தேதிகளும் தள்ளிப் போகின்றன. கசப்பாக இருந்தாலும் உண்மை அதுதான்.

தூணை எண்ணலாம், எண்ண முடியாத வேலையை என்ன செய்வது? அதைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பு கொடுக்க வேண்டும். கட்டம் முழுதாக முடிந்தால் மட்டுமே மதிப்பு. நம் நாட்டு வீடமைப்புச் சட்டமே இதற்குச் சிறந்த சான்று. கட்டப்பட்டுவரும் தரை வீட்டை வாங்குபவர், அடித்தளம் முடிந்ததும் விலையில் 10 விழுக்காடு, கட்டமைப்பு எழுந்ததும் 15, சுவர்களுக்கு 10, கூரையும் மின்கம்பியும் குழாயும் முடிந்ததும் 10 என்று கட்டம் கட்டமாகச் செலுத்துகிறார். கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ சான்றளித்த பிறகே மேம்பாட்டாளர் பணம் கேட்க முடியும். 'பாதிச் சுவர் ஆகிவிட்டது' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இது வெறும் கணக்குப் பாடமல்ல. வேலையிட முன்னேற்றம் அட்டவணையைவிட 30 விழுக்காட்டுக்கு மேல் பின்தங்கிய வீடமைப்புத் திட்டத்தை அரசு 'நோயுற்ற திட்டம்' என வகைப்படுத்துகிறது. மேலே சொன்ன தூண் வேலையைப்போல் ஒரு திட்டம் முழுவதும் நடந்தால், உண்மையில் அது 40 விழுக்காடு பின்தங்கியிருக்கும். நாள் கணக்கிலோ எல்லாம் சரியாக நடப்பதாகத் தெரியும். நோயைக் காட்ட வேண்டிய எண்ணே அதை மறைத்துவிடும். வீட்டு வாடகையும் வங்கித் தவணையும் சேர்த்துக் கட்டும் குடும்பத்துக்கு அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

எஸ்பிஎம் மாணவரின் செயல்திட்டமானாலும் பல்கலைக்கழக ஆய்வேடானாலும் இதே முறை பொருந்தும். 'ஏறக்குறைய முடிந்துவிட்டது' என்பதை விட்டுவிடுங்கள். வேலையை நான்கைந்து கட்டங்களாகப் பிரித்து, மேசையில் எடுத்து வைத்துக் காட்டக்கூடியதை மட்டும் கணக்கில் சேருங்கள். மீதிக்கு எத்தனை நாள் என்பதை வாரம் ஒருமுறை புதிதாக எழுதுங்கள்.

அடுத்த முறை ஒரு திட்டம் இத்தனை விழுக்காடு முடிந்தது என்று படித்தால், ஒரு கேள்வி கேளுங்கள்: எதை எண்ணிச் சொன்னார்கள்?