வீட்டிலிருந்து வேலை செய்யும் நம் பிள்ளைகளும் இணையத் திருட்டும்



2020-ஆம் ஆண்டு மார்ச் மாத ஊரடங்கின்போது, சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலையில் இருந்த பிள்ளைகள் பலர் லேப்டாப்போடு சொந்த ஊர்களுக்குத் திரும்பினர். பச்சைமலை அடிவாரத்தில் உள்ள நம் பூலாம்பாடி போன்ற ஊர்களில், முற்றத்தில் சின்ன வெங்காயம் காயும் வீட்டுக்குள்ளேயே வெளிநாட்டு நிறுவனத்தின் வேலையும் நடக்கலாம் என்பதை அப்போதுதான் கண்டோம். இன்றும் வாரத்தில் சில நாள்களாவது வீட்டிலிருந்து வேலை செய்வோர் உண்டு.

அவ்வாண்டு ஏப்ரலில், சென்னையில் பல்லாயிரம் பேருக்கு வேலை தரும் காக்னிசன்ட் நிறுவனத்தின் கணினிகளை 'மேஸ்' என்ற மால்வேர் தாக்கியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கும் வகையைச் சேர்ந்தது அது. ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்ய வைக்கும் ஏற்பாடுகளும் அதனால் தடைபட்டன. அந்தக் காலாண்டில் மட்டும் 5 கோடி முதல் 7 கோடி டாலர் வரை பாதிப்பு இருக்கும் என நிறுவனம் மதிப்பிட்டது.

இத்தகைய திருட்டு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவர் கணினியில் கரைகண்ட ஒரு மேதை. ஆனால் 2020 ஜூலை 15 அன்று, இன்று எக்ஸ் என அழைக்கப்படும் டுவிட்டர் நிறுவனத்திற்குள் புகுந்தவர்கள் பெரும்பாலும் தொலைபேசியை நம்பியே புகுந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவருக்கு வயது 17.

நடந்தது இதுதான். வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்குள் நுழைவதற்கு வி.பி.என். என்றொரு வாயில் உண்டு. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டதால் அதில் அடிக்கடி கோளாறு வந்தது. திருடர்கள் ஊழியர்களை அழைத்து, "நாங்கள் கணினிப் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் வி.பி.என். கோளாறைச் சரிசெய்ய வந்திருக்கிறோம்" என்றனர். அசலைப் போன்ற ஒரு போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லை இடச் சொன்னார்கள். ஊழியர் அங்கே இட்ட அதே நேரத்தில் இவர்கள் அதை உண்மையான பக்கத்தில் இட்டனர். உறுதிசெய்யச் சொல்லி போனுக்கு வந்த கேள்விக்கும் ஊழியரே சம்மதம் தந்தார். பராக் ஒபாமா, பில் கேட்ஸ் உள்ளிட்டோர் பெயரில் மோசடி அறிவிப்புகள் வெளியாயின. 1,18,000 டாலருக்கும் மேலான பிட்காயின் பறிபோனது.

நியூயார்க் மாநில நிதிச்சேவைத் துறையின் விசாரணை அறிக்கையில் ஒரு செய்தி என்னை நிறுத்தியது. அழைப்பு வந்த சிலர் சந்தேகப்பட்டு நிறுவனத்திடம் உடனே தெரிவித்திருக்கிறார்கள். ஆனால் ஒருவராவது நம்பிவிட்டார். அலுவலகத்தில் இருந்திருந்தால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம், "இப்படி ஒரு போன் வந்ததே, உங்களுக்கும் வந்ததா?" என்று கேட்டிருப்பார். வீட்டில் யாரிடம் கேட்பது? எதிரில் முடிக்க வேண்டிய வேலை, அடுப்பங்கரையில் குக்கர் சத்தம், வாசலில் பால்காரர். அந்தத் தனிமையும் அவசரமும்தான் திருடனுக்கு வசதி. படிப்பு இல்லாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஏமாந்தவர்கள் கணினி நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர்கள் அல்லவா!

வீட்டுக் கணினியே வழியாகிப் போவதும் உண்டு. கடவுச்சொற்களைப் பாதுகாத்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022-இல் அதுதான் நடந்தது. முக்கியச் சாவிகள் நான்கு பொறியாளர்களிடம் மட்டுமே இருந்தன. அவர்களில் ஒருவரின் வீட்டுக் கணினியில், படம் பார்க்க வைத்திருந்த 'பிளெக்ஸ்' என்ற மென்பொருள் பழையதாக இருந்தது. அதன் ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2020-லேயே வந்திருந்தும் அவர் அதை ஏற்றவில்லை. திருடர்கள் அந்த ஓட்டை வழியே நுழைந்து, அவர் தட்டச்சு செய்த கடவுச்சொல்லைக் கவர்ந்தார்கள்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது தவறு நடந்த பின் வரும் மௌனம். வீட்டுக் கடனும் தங்கையின் படிப்பும் தோளில் இருக்கும் ஒரு பெண், தவறான இணைப்பைத் தொட்டுவிட்டதை உணர்கிறாள். சொன்னால் வேலை போகுமோ என்று அஞ்சி லேப்டாப்பை மூடிவிட்டுப் படுக்கிறாள். அந்த ஓர் இரவு திருடனுக்குப் போதும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் நிறுவனம் தெரிவித்தாக வேண்டும். தெரிந்தவளே வாய் திறக்காவிட்டால் நிறுவனம் எப்படி அறியும்? உடனே சொன்னவரைத் தண்டிக்கும் மேலாளர், அடுத்தவர் சொல்லாதிருக்கவே வழி செய்கிறார். நம் சபையில் மேலாளர்களும் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

கணினிப் பிரிவிலிருந்து என்று யார் அழைத்தாலும் பேச்சைத் துண்டித்துவிட்டு, நிறுவனம் முன்பே தந்த எண்ணில் திரும்ப அழைத்துக் கேட்கலாம். உண்மையான ஊழியர் அதற்குக் கோபிக்க மாட்டார். தான் நுழையாதபோது போனில் உறுதி கேட்டு வந்தால் மறுத்துவிட வேண்டும். நம் சொந்தப் பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்கலாம். பெற்றோருக்கும் பங்குண்டு. அலுவலக லேப்டாப்பில் பேரன் விளையாடக் கேட்டால் கொடுக்காதீர்கள். மகளின் போனுக்கு ஓ.டி.பி. வந்தால், அதைச் சமையலறையிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி உரக்க வாசித்துச் சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்.