சின்ன மாடத்துக்கு எந்தக் கணப்பு அடுப்பு?

பிரிட்டனில் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளின் சமையலறைச் சுவரில் ஒரு புடைப்பு இருக்கும். பெரும்பாலும் பூசி மூடியிருப்பார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே செங்கல் மாடம், அதற்கு மேலே கூரையைத் தாண்டிப் போகும் புகைபோக்கி. நிலக்கரி போட்டுச் சமைத்த இரும்பு அடுப்பு ஒருகாலத்தில் நின்ற இடம் அது. லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கம் குடியேறிய நம்மவர்கள் பலர் இப்படிப்பட்ட வீடுகளில் வாழ்கிறார்கள். குளிர்காலத்து கேஸ் பில்லைப் பார்த்ததும், மாடத்தைத் திறந்து விறகில் எரியும் கணப்பு அடுப்பு ஒன்றை வைத்தால் என்ன என்று தோன்றும். டேப்பை எடுத்து அகலம், உயரம், ஆழம் அளப்பார்கள். உள்ளே நுழையக்கூடியவற்றில் ஆகப் பெரிய அடுப்பைத் தேடுவார்கள். கணக்கு பிசகுவது அங்கேதான்.

காரணம் தாளிப்புக் கரண்டியில் இருக்கிறது. சின்னக் கரண்டி, ஒரு ஸ்பூன் எண்ணெய், சின்னத் தீ. சீக்கிரமே எண்ணெய் காய்ந்துவிடும். கடுகைப் போட்டதும் படபடவென வெடிக்கும். அதே தீயில் பெரிய இரும்பு வாணலியை வைத்து அதே ஒரு ஸ்பூன் எண்ணெயை ஊற்றினால், சூடெல்லாம் இரும்பில் பரவிப் போகும். கடுகு எண்ணெயில் கிடந்து ஊறும். வெடிக்காத கடுகு கசக்கும் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.

விறகிலும் எல்லாமே அந்தக் காய்ச்சலைப் பொறுத்ததுதான். கட்டை சூடேறும்போது முதலில் ஈரம் ஆவியாகிறது. வெப்பம் 200 பாகை செல்சியஸைத் தாண்டியதும் மரம் சிதைந்து வாயுக்களை வெளிவிடத் தொடங்கும். காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படி வாயுவாகத்தான் வெளியேறுகிறது. கரியாக மிஞ்சுவது கொஞ்சம்தான். தழல் என்று நாம் பார்ப்பது அந்த வாயு எரிவதை. அது மிச்சமில்லாமல் எரிய வேண்டுமானால் சுமார் 600 பாகை வெப்பமும், அந்த இடத்திலேயே புதிதாகக் கொஞ்சம் காற்றும் வேண்டும். கடுகு வெடிக்கும் பதம் இங்கே இதுதான். அதற்குக் கீழே வாயு எரியாது, புகையாகவே மேலே போய்விடும். கூடவே விறகின் சூட்டில் பெரும்பகுதியும் போய்விடும்.

நல்ல கணப்பு அடுப்பின் உள்ளமைப்பு முழுவதும் இந்தப் பதத்தைக் காப்பதற்காகவே செய்யப்பட்டது. தீயறையின் சுவர்களில் சூட்டை உள்ளேயே திருப்பியனுப்பும் பலகைகள் பதித்திருக்கும். மேலே ஒரு தடுப்புத் தட்டு, வாயு நேரே குழாய்க்குள் ஓடிவிடாமல் சுற்றிப் போக வைக்கும். கீழிருந்து வரும் காற்று தீ மூட்டுவதற்கு. பின்சுவரின் சிறு துளைகள் வழியே சூடாகி வரும் இரண்டாம் காற்று, வாயுவை எரிப்பதற்கு. கண்ணாடியை ஒட்டி மேலிருந்து கீழே வழியும் இன்னொரு காற்றோட்டம் கரி படியாமல் பார்த்துக்கொள்ளும்.

இனி பெரிய அடுப்பைச் சின்னச் சமையலறையில் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 4 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் என்றால் அறை 35 கனமீட்டர். சுமாராகக் குளிர் தாங்கும் வீட்டுக்கு, கனமீட்டரை 14-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் வரும் என்பது அங்கே அடுப்பு விற்கிறவர்கள் போடும் தோராயக் கணக்கு. நமக்குக் கிடைப்பது 2.5. சமைக்கும் சூடும் ஃபிரிட்ஜ் விடும் சூடும் சேர்ந்தால் தேவை இன்னும் குறையும். அங்கே 8 கிலோவாட் அடுப்பு எரிந்தால் யாரும் உட்கார முடியாது. உடனே காற்று வாயை மூடுவார்கள். தீ அமுங்கும், அறை இதமாகும். உள்ளே பதம் போய்விட்டது. எரியாத வாயு குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் தாராகப் படிகிறது. ஒரு நாள் நன்றாக எரியும் தீயின் சூடு பட்டு அந்தத் தாரே பற்றிக்கொள்ளும். புகைபோக்கித் தீ என்று அங்கே பயப்படுவது இதைத்தான். தெருவில் இறங்கும் புகையும் இதே அமுங்கிய தீயிலிருந்து வருவதே. சின்ன அடுப்பை முழுத் தீயில் எரிப்பது, பெரிய அடுப்பை அமுக்கி எரிப்பதைவிட எல்லா வகையிலும் மேல் என்பது என் உறுதியான கருத்து. மாடம் சின்னது என்று வருந்தத் தேவையில்லை. அது சரியான பக்கம்தான் நம்மைத் தள்ளுகிறது.

இந்த உண்மையை 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நிரூபித்தார். அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் பேர் பெற்ற பெஞ்சமின் தாம்ப்சன், ரம்ஃபோர்டு பிரபு. 1796-இல் புகைபோக்கிக் கணப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். லண்டன் வீடுகளின் அகன்ற கணப்பு மாடங்களைச் செங்கல் வைத்துக் குறுக்கினார். பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் கழுத்தை நான்கு அங்குல அளவுக்கு இறுக்கினார். அறையில் சூடு கூடியது, புகை குறைந்தது. இன்று நாம் வாங்கும் இரும்புப் பெட்டி அந்த வேலையின் தொடர்ச்சி.

மாடத்தின் அளவுக்கு வருவோம். அகலம் 650 மி.மீ. என்றால் 650 மி.மீ. அடுப்பு என்று அர்த்தமில்லை. செங்கல் மாடத்துக்குள் நிற்கும் அடுப்பைச் சுற்றிக் காற்று ஓட வேண்டும். பக்கத்துக்கு 100 முதல் 150 மி.மீ., மேலே 200 முதல் 300 மி.மீ. என்று தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்பார்கள். இடைவெளி இல்லாவிட்டால் சூடு செங்கலுக்குள் போய் அங்கேயே தங்கிவிடும், அறைக்கு வராது. ஆக, அந்த மாடத்தில் நிற்கத் தகுந்தது 350 முதல் 450 மி.மீ. அகல அடுப்பு. அந்த அளவில் கிடைப்பவை பெரும்பாலும் 3 முதல் 5 கிலோவாட்தான். அறைக்கு வேண்டியதும் அதன் கீழ்ப்பக்கம்தான். மாடத்தின் மேல் மரச் சட்டம் ஏதாவது இருந்தால் அதற்கு இன்னும் அதிக இடைவெளி வேண்டும். அந்த எண்ணை அடுப்பின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும், அனுமானிக்கக் கூடாது.

ஆழத்தில்தான் பலருக்குச் சிக்கல் வருகிறது. அடுப்பின் மேல்புறம் குழாய் கிளம்பும் இடம், மாடத்து லிண்டலுக்கு உள்ளே விழ வேண்டும். மாடம் ஆழமில்லாமல் அடுப்பு முன்னே தள்ளி நின்றால், பின்புறம் குழாய் போகும் மாடல்தான் வழி. முன்னே நின்றால் சூடு அறைக்கு நன்றாகவே வரும். நடக்கிற இடம் குறையும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, திறந்தால் சுவரில் இடிக்குமா என்றும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். விறகுக் கட்டையின் நீளத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைகளில் கிடைக்கும் கட்டைகள் 25 செ.மீ. வாக்கில் இருக்கும், மிகச் சிறிய தீயறைக்குள் அவை நுழையாது. குளிரில் நின்று ஒவ்வொன்றையும் அறுத்துக்கொண்டிருக்க முடியாது. மேலே கெட்டில் வைக்கும் ஆசை இருந்தால் லிண்டலுக்கும் அடுப்புக்கும் நடுவே கை போக இடமும் வேண்டும்.

அடித்தளத்துக்கும் விதி உண்டு. இங்கிலாந்தின் கட்டட விதிமுறைப்படி, கதவை மூடியே எரிக்கும் அடுப்புக்கு முன்னால் குறைந்தது 225 மி.மீ. எரியாத தளம் இருக்க வேண்டும். திறந்தும் எரிக்கலாம் என்றால் 300. அடிப்பக்கச் சூடு 100 பாகையைத் தாண்டாது என்று சோதித்த அடுப்புக்கு 12 மி.மீ. கனத்தில் எரியாத பலகையே போதும். இல்லையென்றால் 125 மி.மீ. கனத்தளம் கட்ட வேண்டும். சின்னச் சமையலறையில் இந்த ஒரு வேறுபாடு தரையையே தோண்டவிடாமல் காப்பாற்றலாம்.

புகைபோக்கியும் ஒடுங்க வேண்டும். பழைய செங்கல் புகைபோக்கி பெரும்பாலும் 9 அங்குலச் சதுரம், அதாவது சுமார் 500 சதுர செ.மீ. சின்னத் தீயின் புகை அத்தனை பெரிய குழாயில் ஏறினால் பாதி வழியிலேயே குளிர்ந்து சோர்ந்துவிடும். அதனால் உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்குகிறார்கள். 150 மி.மீ. குழாயின் பரப்பு 177 சதுர செ.மீ., மூன்றில் ஒரு பங்கு. புகை குறைவாக விடுவதாகச் சான்று பெற்ற அடுப்பென்றால் 125 மி.மீ. குழாயே போதும்.

அந்தச் சான்று லண்டனில் பெரும்பாலான இடங்களில் கட்டாயமே. 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகை மூடுபனியோடு கலந்து நகரத்தை மூடியது, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் பின் வந்த 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை உருவாக்கியது. அங்கே சான்று இல்லாத அடுப்பில் விறகு எரிக்கக் கூடாது. சான்று இருந்தாலும் விறகுப் புகையில் நுண்துகள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். மற்றவர்களும் காய்ந்த விறகை மட்டுமே எரிக்க வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர். ஈரக் கறிவேப்பிலையைப் போட்டதும் எண்ணெய் எப்படித் தணிந்து தெறிக்கிறதோ, அப்படித்தான் ஈரக் கட்டை தீயறையின் பதத்தைக் கெடுக்கும். 2021 மே மாதம் முதல் இங்கிலாந்தில் 2 கனமீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அப்படிக் காய்ந்த விறகில் கிலோவுக்கு ஏறத்தாழ 4 கிலோவாட்-மணி சூடு உண்டு. 4 கிலோவாட் அடுப்பு மணிக்கு ஒன்றேகால் கிலோ அளவில் எரிக்கும்.

கடைசியாகக் காற்று. நம் சமையலறைகளுக்கு இதுதான் மிக முக்கியம். காற்று கசியும் பழைய வீட்டில் 5 கிலோவாட் வரை தனித் துளை தேவையில்லை; அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மி.மீ. நிரந்தரத் துளை விட வேண்டும். ஆனால் அதே அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் கதையே வேறு. சின்னக் கணப்பு அடுப்புக்கு மணிக்குப் பத்துப் பதினைந்து கனமீட்டர் காற்று போதும். தாளிப்பு நெடிக்காக நாம் வாங்கும் பெரிய ஹூட் மணிக்கு 600 கனமீட்டரை வெளியே இழுக்கும். ஜன்னல்கள் மூடியிருந்தால் அந்தக் காற்று எங்கிருந்து வரும்? புகைபோக்கி வழியாகத்தான். மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கும். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் கூடவே இறங்கும். திட எரிபொருள் அடுப்பு இருக்கும் அறையில் காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் வைப்பதைத் தவிர்க்கும்படி கட்டட விதிமுறை வழிகாட்டியே சொல்கிறது.

எனவே முதலில் தீர்மானிக்க வேண்டியது ஹூட்டா, கணப்பா என்பது. தினமும் தாளித்து, மீன் பொரித்து, ஃபேனை ஓடவிடும் வீடென்றால் கணப்பைச் சமையலறையில் வைக்காமல் கூடத்து மாடத்தில் வையுங்கள். சமையலறையில்தான் வேண்டும் என்றால், காற்றை வெளியே தள்ளாமல் கரி வடிகட்டியில் சலித்து அறைக்கே திருப்பிவிடும் ஹூட்டுக்கு மாறலாம். நெடி முழுதாகப் போகாது, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் எப்படியும் கட்டாயம். அடுப்பைப் பொருத்துபவர் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் கதவு ஜன்னல்களை மூடி, வீட்டில் உள்ள எல்லா எக்ஸாஸ்ட் ஃபேனையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, புகை அறைக்குள் வருகிறதா என்று உங்கள் எதிரிலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.