மட்கார்டை மடிக்குமுன் அளந்து பாருங்கள்

சரக்கேற்றும் வாகனத்திற்கு அகலமான டயர் போட விரும்பும் வியாபார நண்பர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. டயர் மட்கார்டில் உரசினால் உள்விளிம்பை மடித்துவிடலாம் என்பார்கள் கராஜில். மடிக்கலாம்தான். ஆனால் பெயின்டைச் சூடாக்கி மெதுவாக மடிக்காவிட்டால் அது வெடிக்கும். அந்த வெடிப்பில் நீர் இறங்கித் தகரம் துருப்பிடிக்கும்.

ஆகவே நான் சொல்வது, முதலில் டயரின் அளவைப் பாருங்கள். 15 அங்குல ரிம்மில் 195/65 டயருக்குப் பதிலாக 205/65 போட்டால் விட்டம் 13 மில்லிமீற்றர் கூடும். 205/60 போட்டால் ஏழரை மில்லிமீற்றர் குறையும். இரண்டிலும் அகலம் ஒன்றே. பாரம் தாங்கும் எண் மட்டும் பழைய டயரை விடக் குறையக்கூடாது.

வெறும் வண்டியில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். முழுப் பாரமேற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பாரத்தோடு உரசும் டயர் வெடித்தால், போவது சரக்கு மட்டுமல்ல.