சங்கிலி பிடிப்போர்

நில அளவை என்றவுடன் தியோடலைட்டும், வரைபடமும், அவற்றைக் கையாளும் அலுவலரும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், அலுவலர் குறிப்பேட்டில் பதியும் எண்களிற் பெரும்பாலானவை முதலில் உதவியாளரின் கையில் உருவாகின்றன. இந்திய நில அளவைத் துறையில் கலாசி என்றும், வேறு பல துறைகளில் செயின்மேன் என்றும் வழங்கப்பெறுபவர் இவரே.

1802-ஆம் ஆண்டு, சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் 7½ மைல் நீள அடிக்கோட்டை அளந்தார். வெப்பத்தால் சங்கிலி நீளுமாதலின், அது மரப்பெட்டிகளில் கிடத்தப்பட்டு நிழலில் வைக்கப்பட்டது. ஏறக்குறைய 400 முறை அப்பெட்டிகளைத் தூக்கி முன்னே நகர்த்தியவர்கள் உதவியாளர்களே.

சாதாரணச் சங்கிலி அளவைக்கு இருவர் வேண்டும். முன்செல்பவர் கையில் 10 இரும்பு அம்புகள் இருக்கும். ஒவ்வொரு சங்கிலி நீளத்தின் முடிவிலும் அவர் ஓர் அம்பை ஊன்றுவார். பின்வருபவர் அதைப் பிடுங்கிக்கொள்வார். பின்வருபவரிடம் உள்ள அம்புகளே அளந்த தொலைவின் கணக்கு. 20 மீட்டர்ச் சங்கிலியில் ஓர் அம்பு புதரில் தவறினால் 20 மீட்டர் குறையும். அதனினும் தீங்கானது, இழுபட்டு நீண்ட சங்கிலி. 1 செ.மீ. நீண்டிருப்பின் 1 கி.மீ. நீளக் கோடு 50 செ.மீ. குறைவாகப் பதிவாகும், அம்பு தவறியதைப் போல இது எளிதிற் கண்ணில் படாது.

மட்டம் பார்க்கும்போது அளவுகோலைப் பிடிப்பவர் நிலையும் இத்தகையதே. 3 மீட்டர் உயரத்தில் அளவு காணும்போது கோல் 5 பாகை சாய்ந்திருந்தால் சுமார் 11 மி.மீ. மிகும். கோலை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கச் செய்து, மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. ஒரு கயிறும் நேரான மூங்கிலும் கொண்டு ஆசிரியர்கள் இவ்விரண்டையும் பள்ளித் திடலிலேயே செய்து காட்டலாம்.

இன்று செயற்கைக்கோள் அலைவாங்கி வந்துவிட்டது. கோல் மட்டும் போகவில்லை. 2 மீட்டர்க் கோலின் உச்சியில் கருவி இருக்க, கோல் 1 பாகை சாய்ந்தால், குறிக்கப்படும் இடம் சுமார் 3½ செ.மீ. விலகும். சாய்வைத் தானே திருத்தும் கருவி இல்லாவிடத்து, ரசமட்டக் குமிழியின்மீது கண் வைப்பதன்றி வேறு வழியில்லை.

2020-இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் ஊர்மனைகளை டிரோன் படமெடுக்கிறது. ஆனால் இரு வீடுகளுக்கிடையே எல்லை எதுவென்பது வானிலிருந்து தெரியாது. படமெடுக்குமுன் உரிமையாளர்களை வைத்துக்கொண்டு தரையிற் சுண்ணாம்புக் கோடு இடப்படுகிறது. அக்கோடு ஒரு சாண் விலகினால், விலகிய எல்லையே வரைபடத்தில் ஏறும்.