அம்பாஸிடரின் டேப்பெட் சத்தம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலைக்கு மேற்கே, கரும்பு வயல்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும் இடையே வளைந்து செல்லும் கிராமச் சாலைகளில் பனமலைக்குப் போய், பல்லவ மன்னன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்றின்மேல் எடுப்பித்த தாளகிரீசுவரர் ஆலயத்தையும், அதன் சுவரில் காலத்துக்குத் தப்பி எஞ்சி நிற்கும் தேவியின் வர்ண சித்திரத்தையும் கண்டு திரும்பும் யாத்திரிகர்களிலே, இன்றைக்கும் அபூர்வமாக யாரேனும் ஒருவர் பழைய அம்பாஸிடர் காரில் வந்து இறங்குவதுண்டு. குன்றடியில் அந்த வண்டி நின்றபடி ஓடிக்கொண்டிருக்கும்போது, பானெட்டுக்குள்ளிருந்து சீராகவும் இலேசாகவும் ‘டிக் டிக்’ என்று ஓர் ஓசை கேட்கும். அதைத்தான் நம் டிரைவர்களும் மெக்கானிக்குகளும் டேப்பெட் சத்தம் என்கிறார்கள். அந்தச் சத்தம் எதனால் உண்டாகிறது, எப்போது அதைக் கண்டு கவலைப்பட வேண்டும், எப்போது அது இல்லாமற் போவதைக் கண்டு கவலைப்பட வேண்டும் என்பதே இங்கே நாம் விசாரிக்கப்போகும் விஷயம்.

கல்கத்தாவுக்கு அருகேயுள்ள உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலேயக் காரை மூலமாகக் கொண்டு 1957-இல் செய்யத் தொடங்கிய அம்பாஸிடருக்கு, முதலில் பக்கவாட்டில் வால்வுகள் அமைந்த பழைய பாணி என்ஜினே இருந்தது. 1959-இல் அதற்குப் பதிலாக, வால்வுகள் தலைமேல் அமைந்த 1489 சி.சி. பி.எம்.சி. பி வரிசை என்ஜின் வந்தது. வண்டியின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோகும் வரையில் டீசல் என்ஜினும் இஸுஸு என்ஜினும் இடையிடையே வந்து சேர்ந்தனவானாலும், நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் ஒரு தலைமுறை கேட்டுப் பழகியது இந்தப் பெட்ரோல் என்ஜினின் ஓசைதான். டீசல் மாற்றி வைத்த அம்பாஸிடரில் டேப்பெட் சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்பதற்குத் தெய்வீகமான பொறுமை வேண்டுமாதலால், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்த யந்திரத்தின் அமைப்பு எளிமையானது. கீழே என்ஜின் பிளாக்கினுள் கேம் ஷாப்ட் சுழல்கிறது. அதன் மேடு டேப்பெட் என்னும் சிறு உருளையை உயர்த்த, அது புஷ் ராடு என்ற நீண்ட கம்பியை மேலே தள்ள, அக்கம்பி ராக்கர் என்ற கையின் ஒரு முனையை எழுப்ப, ராக்கரின் மறுமுனை தாழ்ந்து வால்வுத் தண்டின் நுனியில் அமுக்கி அதைத் திறக்கிறது. மேடு கடந்ததும் ஸ்பிரிங் அதை மூடிவிடுகிறது. என்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாப்ட் ஒரு சுற்றே சுற்றும் என்பதால், நிமிஷத்துக்கு 800 சுற்று என்ற மெதுவான ஓட்டத்திலும் ஒவ்வொரு வால்வும் 400 முறை திறந்து மூடுகிறது. எட்டு வால்வுகளுக்கும் சேர்த்து 3200 தட்டல்கள். ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு சிறு இடைவெளி விடப்பட்டிருப்பதால்தான் ஒவ்வொரு தட்டலும் நம் காதுக்கு எட்டுகிறது.

அந்த இடைவெளி ஏன்? நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு நூறு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் நீளும். புகை வெளியேறும் வழியிலுள்ள எக்ஸாஸ்ட் வால்வோ பல நூறு டிகிரி உஷ்ணத்தில் கிடந்து வேகிறது. நீளுவதற்கு இடமே விடாமல் ராக்கரை நெருக்கி வைத்துவிட்டால், மழைக்காலத்தில் ஊதிப்போன மரக்கதவு நிலையில் சரியாக உட்காராதது போல, வால்வும் தன் சீட்டில் முழுமையாக உட்காராது. வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீட்டின் வழியாகத்தான் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது. சீட்டைத் தொடாத வால்வுக்கு அந்த வழி அடைபட்டுப்போக, விளிம்பில் நெருப்புக் காற்று சீறிப் பாய்ந்து விரைவிலேயே அதைத் தின்றுவிடும். ஆகையால் பி வரிசை என்ஜின்கள் பெரும்பாலானவற்றுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர், இடைவெளி விதிக்கப்பட்டிருக்கிறது. அவரவர் வண்டியின் கையேட்டில் உள்ள அளவும், அதைச் சூட்டில் வைப்பதா ஆறிய பின் வைப்பதா என்ற குறிப்புமே இதில் பிரமாணம்.

“அண்ணே, டேப்பெட் ரொம்ப அடிக்குது, கொஞ்சம் டைட் வெச்சு விடுங்க” என்று கேட்கும் டிரைவர் தம்மை அறியாமலே வால்வுக்கு நாசம் தேடுகிறார். “அடிக்கட்டும் விடுப்பா, அடிக்கலேன்னாத்தான் பயப்படணும்” என்று பதில் சொல்லும் பழைய மெக்கானிக், புஸ்தகம் படிக்காமலே சாஸ்திரம் சொல்லிவிடுகிறார்.

அவர் வாக்கு முன்பைவிட இன்று அதிகம் பொருந்துவதற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்ஜினின் ‘நாக்’ ஓசையைத் தடுக்குமென்று கண்டறிந்த ஈயச் சேர்மானம் பெட்ரோலில் கலந்திருந்த காலத்தில், எரிந்து படியும் ஈய உப்புக்கள் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய மெத்தையாக இருந்து இரும்பைக் காத்தன. மூச்சுக் காற்றையும் குழந்தைகளின் மூளையையும் கெடுத்த அந்த ஈயம் 2000 பிப்ரவரியில் இந்தியா முழுவதும் நீக்கப்பட்டது மிக நல்ல காரியமே என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இருக்க முடியாது. ஆனால் கடினமான வளையம் பதிக்கப்படாத பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில், எக்ஸாஸ்ட் சீட்டு சிறிது சிறிதாகத் தேய்ந்து, வால்வு உள்நோக்கி அமிழத் தொடங்கியது. அமிழ அமிழ அதன் தண்டு மேலேறி, ராக்கர் இடைவெளி தானாகவே குறைந்து, சத்தமும் அடங்கிக்கொண்டே போகும். கேஸில் ஓட்டும் வண்டிகளுக்கும் இந்த வியாதி உண்டு. வேகமும் பாரமும் கூடக்கூட இத்தேய்மானம் வளருமாதலால், பனமலையின் கிராமச் சாலைகளில் நிதானமாக உருளும் காருக்கு நேராத கேடு, அதே காரைச் சென்னை நாற்கரச் சாலையில் விடாமல் விரட்டும்போது நேர்ந்துவிடுகிறது.

இனி பரீட்சைக்கு வருவோம். சத்தம் வரும் என்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது ஆயிலின் மட்டமும் அழுத்தமுமே. மேலே ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாப்டுக்கு ஆயில் ஏறாவிட்டால் எல்லா ராக்கரும் ஒன்றாகக் கூச்சலிடும். அடுத்து, பிளக் வயர்களை, ரப்பர் பிடியுள்ள குறடால், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்: எந்த வயரைக் கழற்றும்போது சத்தம் குறைகிறதோ அந்த சிலிண்டரின் பேரிங்கிலோ பிஸ்டனிலோதான் கோளாறு, எதைக் கழற்றினாலும் மாறாமல் ஒலிப்பது டேப்பெட். நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை டேப்பெட் கவர்மேல் வைத்துப் பிடியைக் காதோரம் சேர்த்தால், சத்தம் மேலிருந்து வருகிறதா, முன்புறத்து டைமிங் செயினிலிருந்து வருகிறதா என்பதும் விளங்கிவிடும். எக்ஸாஸ்ட் பேக்கிங்கில் புகை கசிந்தாலும் அச்சு அசலாக இதே ஓசை எழும் என்பதை மறந்துவிட்டு, டேப்பெட்டைத் திருகித் திருகிக் கெடுத்தவர்கள் அநேகர்.

டேப்பெட் கவரைத் திறந்து, என்ஜின் மெதுவாக ஓடும்போதே ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய இதழைச் செருகிப் பார்ப்பது நல்ல உபாயம். எங்கே செருகியதும் சத்தம் நிற்கிறதோ, குற்றவாளி அங்கே இருக்கிறான். அளவு வைப்பதற்கோ அழகான ஒரு கணக்கு இருக்கிறது. வால்வுகளுக்கு முன்னிருந்து 1 முதல் 8 வரை எண் கொடுத்து, ஸ்டார்ட்டிங் ஹாண்டிலால் என்ஜினைச் சுற்றி, எட்டாவது வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதையும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதையும், இப்படியே இரண்டு எண்களும் சேர்ந்து ஒன்பது வரும்படி சரிசெய்துகொண்டே போனால் எதுவும் விட்டுப்போகாது. லாக் நட்டை முறுக்கும்போது திருகும் கூடவே சுற்றிக்கொள்ளும் என்பதால், முறுக்கிய பிறகு இதழை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பது அவசியம்.

இத்தனையும் செய்து, அளவு சரியாக இருந்தும், சத்தம் மட்டும் போகவில்லை என்றால் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். ராக்கரின் முனை வால்வில் மோதி மோதிக் குழி விழுந்திருந்தால், தட்டையான இதழ் குழியின் மேல் பாலமாகக் கிடந்து பொய் அளவு காட்டும். ராக்கர் ஷாப்டின் அடிப்பக்கம் தேய்ந்திருந்தால் ஷாப்டையும் புஷ்ஷுகளையும் மாற்றிவிடுவதே சரி. புஷ் ராடு வளைந்திருக்கிறதா என்பதைக் கண்ணாடித் துண்டின்மேல் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். கேம் ஷாப்டின் மேடு தேய்ந்திருந்தால் மட்டும் செலவு பெரிது. அப்போது ஒரு புஷ் ராடு மற்றவற்றைவிடக் குறைவாக ஏறுவதை டயல் கேஜ் காட்டிக்கொடுக்கும். சீட்டு அமிழ்ந்துபோன ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்தால், பழைய சீட்டைக் கடைந்தெடுத்து உறுதியான எஃகு வளையம் பதித்துத் தருவார்கள். பேஸ்ட் போட்டு வால்வைத் தேய்த்து உட்காரவைத்து, ஹெட்டைப் பூட்டி, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி முறுக்கி டேப்பெட்டையும் மறுபடி வைத்தால்தான் அந்த வேலை பூர்த்தியாகும். சத்தத்தை அமுக்குவதற்காகக் கெட்டியான ஆயிலையும் டப்பா மருந்துகளையும் ஊற்றுவது சிகிச்சையே அல்ல. தேய்ந்த பாகம் தேய்ந்தபடியேதான் இருக்கும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு ஃபீலர் கேஜ் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை எட்டு வால்வுகளின் அளவையும் எடுத்து நோட்டில் குறித்துவையுங்கள். எக்ஸாஸ்ட் வால்வுகளின் இடைவெளி மட்டும் தடவைக்குத் தடவை குறைந்துகொண்டே வந்தால், வண்டி எவ்வளவு அமைதியாக ஓடினாலும் சரி, அடுத்த நீண்ட பிரயாணத்துக்கு முன்பாக ஹெட்டைக் கழற்றச் சொல்லிவிடுங்கள்.