ஓடுவதை மறைக்கும் ஒளிப்படம்

பாரிஸ் மாநகரின் 'புல்வார் து தாம்ப்ளு' வீதியை 1838-ஆம் ஆண்டில் லூயி டாகேர் என்பார் மேல்மாடிச் சாளரத்திலிருந்து படம் எடுத்தார். பட்டப்பகல், வண்டிகளும் மக்களும் நிறைந்த வீதி. ஆயினும் படத்தில் அவ்வீதி ஆளரவமற்றுக் கிடக்கிறது. ஓரத்தில் ஒருவன் மட்டும் ஒரு காலை உயர்த்தி வைத்து நிற்கிறான். காலணிக்கு மெருகு போடுவித்துக் கொள்கிறான் என்பர். மறு ஆண்டு பாரிசில் இப்படத்தைக் கண்ட சாமுவேல் மோர்ஸ், தந்தி முறையால் புகழ்பெற்ற அமெரிக்கர், இவ்வியப்பைத் தம் உடன்பிறந்தாருக்குக் கடிதத்தில் எழுதினார்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. டாகேரின் வெள்ளி பூசிய செப்புத் தகடு ஒளியை மெல்லவே ஏற்றது. ஆதலின் காமிராவின் கண் பல நிமிடங்கள் திறந்திருக்க வேண்டியதாயிற்று. கட்டடமும் மரமும் அசையாமல் நின்றன, பதிந்தன. நடந்தவர்களோ எவ்விடத்திலும் பதியுமளவு நிற்கவில்லை. படத்தில் காணாதவர் இடத்திலும் இல்லை என்று கொள்வது பிழையன்றோ?

அன்று குறையாயிருந்த இதனையே இன்று இயற்கைக் காட்சி எடுப்போர் காசு கொடுத்து வாங்குகின்றனர். இக்காலக் காமிராவுக்கு நண்பகலில் நொடியின் சிறு பின்னமே போதும். துளையைச் சுருக்கி நேரத்தை நீட்டலாகாதா எனின், ஓரளவே ஆகும். மிகச் சிறு துளையில் ஒளி விளிம்பில் விலகிப் பரவுவதால் படத்தின் கூர்மை கெடும். ஆகவே வில்லையின் முன் ஒரு கருங்கண்ணாடியைப் பொருத்துவர். 'நியூட்ரல் டென்சிட்டி பில்டர்' என்பது அதன் பெயர். எல்லா நிறங்களையும் ஒரே அளவில் குறைப்பதால் 'நியூட்ரல்' என்றனர். மலிவான கண்ணாடிகள் இதில் தவறி, படத்தில் வேற்று நிறம் ஏற்றுவதும் உண்டு.

இதன் வன்மையை 'ஸ்டாப்' என்னும் படிகளால் அளப்பர். ஒவ்வொரு படியும் ஒளியைப் பாதியாக்கும். ஆறு படிக் கண்ணாடியில் 64-இல் ஒரு பங்கும், பத்துப் படியில் 1024-இல் ஒரு பங்குமே உட்புகும். 1/60 நொடியில் எடுக்கத்தக்க காட்சிக்கு முன்னதில் ஏறக்குறைய 1 நொடியும், பின்னதில் 17 நொடியும் வேண்டும். இரண்டின் அடுக்குகளைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது. பத்துப் படிக் கண்ணாடியூடே கண்ணுக்கு அநேகமாக ஒன்றும் புலப்படாது. காமிராவை முக்காலியில் நிறுத்தி, காட்சியையும் குவியத்தையும் திருத்திய பின்னரே அதனை மாட்டுதல் வேண்டும்.

எத்துணை நேரம் என்பதிலேதான் கலை இருக்கிறது. அருவியை அரை நொடி எடுத்தால் நீரின் இழைகள் தெரியும். முப்பது நொடி எடுத்தால் வெறும் வெண்துகிலாகும். கடலலை பனிமூட்டமாகும். எல்லாக் கடலையும் இவ்வாறு பாலாக்கிவிடும் இக்கால வழக்கம் சலிப்பூட்டுவதே. அலையின் சீற்றமே பொருளாயின் கருங்கண்ணாடி பகையாகும். 1857-இல் பிரான்சின் செத் துறைமுகத்தில் குஸ்தாவ் லெ கிரே எடுத்த பேரலைப் படத்தைக் காண்போர் இதனை உணர்வர். மந்தமான தகடுகளின் காலத்தில் அலையை அலையாகவே நிறுத்திக் காட்ட அவர் முயன்றார்.