டுவெல்வ் ஆங்கிரி மென் (தொலைக்காட்சி நாடகம்)

டுவெல்வ் ஆங்கிரி மென் என்பது அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1954, செப்டம்பர் 20 அன்று நேரடியாக ஒளிபரப்பான நாடகம் ஆகும். 'பன்னிரண்டு கோபக்கார மனிதர்கள்' என்பது இத்தலைப்பின் பொருள். வாரந்தோறும் தனித்தனிக் கதைகளை வழங்கிய ஸ்டூடியோ ஒன் என்னும் தொடரில் இது இடம்பெற்றது. இதனை எழுதியவர் ரெஜினால்ட் ரோஸ். இயக்கியவர் பிராங்க்ளின் ஷாஃப்னர். 1957-இல் வெளிவந்த புகழ்பெற்ற திரைப்படத்துக்கு இந்நாடகமே மூலமாகும்.

சட்டப் பின்னணி

அமெரிக்காவில் கடுங்குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா என்பதைப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூரி எனும் குழு முடிவு செய்கிறது. நாடகத்தில் வரும் ஜூரியில் பன்னிரண்டு பேர் உள்ளனர். அவர்களது தீர்ப்பு ஒருமனதாக இருத்தல் வேண்டும். குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பையே சாரும். நியாயமான ஐயம் எஞ்சுமானால் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவிக்க வேண்டும் என்பது விதி.

கதைச்சுருக்கம்

தன் தந்தையைக் கத்தியால் குத்திக் கொன்றதாக ஓர் இளைஞன் மீது வழக்கு நடைபெறுகிறது. குற்றவாளி எனத் தீர்ப்பானால் மரண தண்டனை கட்டாயம் என நீதிபதி ஜூரிக்கு அறிவுறுத்துகிறார். அதன் பின் கதை ஜூரி அறைக்குள்ளேயே நிகழ்கிறது. உறுப்பினர்கள் எண்களாலேயே அறியப்படுகின்றனர்.

முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் 'குற்றவாளி' என்கின்றனர். 8-ஆம் உறுப்பினர் மட்டும், ஓர் உயிரைப் பற்றிப் பேசாமலேயே முடிவு செய்யக் கூடாது என்று மறுக்கிறார். பின்னர் சாட்சியங்கள் ஒவ்வொன்றாக ஆராயப்படுகின்றன. அரிதானது எனக் கூறப்பட்ட கத்தியைப் போன்றே மற்றொன்றை அவர் மேசையில் குத்தி நிறுத்துகிறார். தொடர்வண்டியின் இரைச்சலில் இளைஞனின் குரலைக் கீழ்வீட்டு முதியவரால் கேட்டிருக்க முடியுமா, காலை இழுத்து நடக்கும் அவர் தாம் சொன்ன நேரத்தில் கதவை அடைந்திருக்க முடியுமா என்ற வினாக்கள் எழுகின்றன. படுக்கையிலிருந்தவாறே கொலையைக் கண்டதாகக் கூறிய பெண் மூக்குக்கண்ணாடி அணிபவர் என்பதும் நினைவுகூரப்படுகிறது. வாக்குகள் படிப்படியாக மாறுகின்றன. இறுதிவரை எதிர்த்து நிற்கும் 3-ஆம் உறுப்பினரும் முடிவில் இணங்க, 'குற்றவாளி அல்ல' என்ற தீர்ப்பு உறுதியாகிறது.

கொலை செய்தவர் யார் என்பதை நாடகம் கடைசிவரை கூறுவதில்லை. இளைஞன் குற்றமற்றவன் என்றும் அது மெய்ப்பிப்பதில்லை. அளிக்கப்பட்ட சான்றுகள் ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானவையா என்பதே அதன் வினா. முன்முடிவும் அவசரமும் சான்றுகளின் இடத்தைப் பிடித்துக்கொள்வதை அது காட்டுகிறது.

தயாரிப்பு

ஆள்கொலை வழக்கொன்றில் ஜூரி உறுப்பினராகப் பணியாற்றிய அனுபவத்திலிருந்து ரோஸ் இக்கதையை உருவாக்கினார். ராபர்ட் கம்மிங்ஸ் 8-ஆம் உறுப்பினராகவும், பிராஞ்சோ டோன் 3-ஆம் உறுப்பினராகவும், எட்வர்ட் ஆர்னால்ட் 10-ஆம் உறுப்பினராகவும் நடித்தனர். விளம்பரங்கள் உட்பட ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிய இந்நாடகம் நேரடி ஒளிபரப்பு என்பதால், பிழை நேர்ந்தால் காட்சியை மீண்டும் எடுக்க வாய்ப்பில்லை.

விருதுகளும் தாக்கமும்

ரோஸ், ஷாஃப்னர், கம்மிங்ஸ் மூவரும் இதற்காக எம்மி விருது பெற்றனர். 1957-ஆம் ஆண்டுத் திரைப்படத்தைச் சிட்னி லூமெட் இயக்கினார்; ஹென்றி ஃபோண்டா 8-ஆம் உறுப்பினராக நடித்தார். ஜோசப் ஸ்வீனி, ஜார்ஜ் வாஸ்கோவெக் ஆகிய இருவரும் நாடகத்தில் ஏற்ற அதே வேடங்களில் திரைப்படத்திலும் நடித்தனர். இக்கதையைத் தழுவி பாசு சாட்டர்ஜி 1986-இல் 'ஏக் ருக்கா ஹுவா ஃபைசலா' என்ற இந்திப் படத்தை இயக்கினார்.

பதிவு மீட்பு

அக்காலத்தில் நேரடி நிகழ்ச்சிகள் தொலைக்காட்சித் திரையைப் படச்சுருளில் படம்பிடிக்கும் முறையில் பதிவு செய்யப்பட்டன. இந்நாடகத்தின் முற்பாதி மட்டுமே எஞ்சியுள்ளது எனப் பல ஆண்டுகள் கருதப்பட்டது. 2003-இல் இதன் முழுப் பதிவும், மறைந்த வழக்கறிஞரும் நீதிபதியுமான சாமுவேல் லீபோவிட்ஸின் உடைமைகளிடையே கண்டெடுக்கப்பட்டது. 1930-களில், ஜூரிகளால் மரண தண்டனைக்கு உள்ளான கறுப்பின இளைஞர்களுக்காக ஸ்காட்ஸ்பரோ வழக்கில் வாதாடியவர் இவர் என்பது குறிப்பிடத்தக்கது.